ரித்திகா சுமந்த பேச்சு

பெரியநாயக்கன்பாளையத்து அங்கன்வாடி டீச்சர் சென்னியம்மாளுக்கு, குழந்தைகளை ஒன்றோடொன்று பழக வைப்பதுதான் இருபத்திரண்டு வருட வேலை. அவரோடு பழகத்தான் தெருவில் ஆளில்லை. அத்தனை கோபக்காரர். கோபமெல்லாம் பெற்றவர்கள் மேல்தான். பிள்ளைகள் மேல் வந்ததில்லை.

நாலு வயது ரித்திகா, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் கனிஷ்காவிடம் பேச மாட்டாள். "டீச்சர், பந்தைக் குடுக்கச் சொல்லுங்க" என்பாள். பந்து கைக்கு வந்ததும், "வந்துருச்சுன்னு சொல்லுங்க." இவ்வளவு மரியாதையான பிள்ளையை யாரும் விளையாட்டில் சேர்க்கவில்லை. தனியார் பள்ளியிலும் சேர்க்க யோசித்தார்கள். மற்ற பிள்ளைகளோடு பழகுகிறாள் என்று அங்கன்வாடி டீச்சர் எழுதிக் கொடுத்தால்தான் எல்கேஜியில் இடம்.

பெற்றோர் மகளோடு கடிதம் வாங்க வந்தார்கள்.

"கண்ணு, லெட்டரு எப்பக் கிடைக்கும்னு உங்கப்பாவை டீச்சர்கிட்டக் கேக்கச் சொல்லு" என்றாள் அம்மா.

"அப்பா, கேப்பீங்களாமா."

"ஏன், உங்கம்மாளுக்கு வாயில்லையான்னு கேளு" என்றார் அப்பா கதிர்வேல். குழந்தை மறுபடி அம்மா பக்கம் திரும்பியது.

சென்னியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எத்தனை நாளா இந்தக் கூத்து?"

இரண்டு வருடமாக. ரித்திகாவின் காதுகுத்துக்குத் தாய்மாமன் வந்த பஸ் தாமதம். நல்ல நேரம் போகிறதென்று கதிர்வேல் தன் பங்காளி மடியில் குழந்தையை உட்கார வைத்துக் குத்திவிட்டார். மாமன் மடிக்கு வந்த அவமானத்தில் அம்மா அன்று நிறுத்திய பேச்சு. ஒரே வீடு, ஒரே அடுப்பு. சோறு போதுமா என்பதைக்கூடக் குழந்தைதான் கொண்டுபோய்க் கேட்க வேண்டும்.

சென்னியம்மாள் அங்கேயே எழுதி நீட்டினார். 'குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. பெற்றோர் ஒருவரோடு ஒருவர் பேசாததால், நேராகப் பேச அதற்குத் தெரியவில்லை. ஒரு வருடம் என்னிடமே இருக்கட்டும்.'

படித்த அம்மாவின் முகம் சிவந்தது. "ஏனுங்க, இதைப் பாத்தீங்களா?"

கேட்டது கணவனை.

கதிர்வேலும் வாங்கிப் படித்தார். "கொழுப்பப் பாரேன். மேலதிகாரிக்கு எழுதிப்போட்டுத்தான் மறுவேலை."

"எழுதுங்க. நானும் கையெழுத்துப் போடறேன். எந்திரிங்க, போலாம்."

ரித்திகா இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருவரும் அவளிடம் எதையும் சொல்லி அனுப்பவில்லை.

பத்தாம் நாள் சென்னியம்மாளுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது, புகாரின் நகலோடு. முதல் பக்கம் கதிர்வேல் எழுத்து, அடுத்தது மனைவி எழுத்து. கீழே இரண்டு கையெழுத்து. "ஒண்ணா உக்காந்து எழுதியிருக்காங்க" என்றாள் ஆயா சிரித்துக்கொண்டே.

"சிரிக்காதே" என்றார் சென்னியம்மாள். "இவங்க பேச நான் திட்டு வாங்குனேன், அது போகட்டும். அந்தப் பிள்ளைக்கு ரண்டு வருசம் போச்சே, அதுக்கு யாரு மேல புகார் எழுதறது?"