போட்டு வாறம்

செவ்வாய், காலை 6.30. அச்சுவேலியில் ஆட்டோ வந்து நின்றது. எட்டு நாள் யோகம் படிக்க மதுரையிலிருந்து வந்தவன் நான். அன்று மாலைப் பேருந்தில் கொழும்பு போய் ஊர் திரும்ப வேண்டும். கற்றுத் தந்த மாஸ்டர், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், அதே ஆட்டோவில் யாழ்ப்பாண மருத்துவமனைக்கு வந்தார். மறுநாள் அவருக்கு இதய அறுவை.

ஆசனங்களை இரண்டே நாளில் முடித்திருந்தார். மீதி ஆறு நாளும் இயமம்: கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, புலனடக்கம், அவாவின்மை. என்னைப் படுத்தியது வாய்மைதான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அவர் நடத்திய வகுப்பில் யாராவது "நாளைக்கு வாறன்" என்றால் உடனே திருத்துவார்.

"வரப் பாக்கிறன் எண்டு சொல்லும். நாளைக்கு என்ன நடக்குமெண்டு உமக்குத் தெரியுமோ?"

பால்காரர்கூடத் தப்பவில்லை. வாத்தியார் கிறுக்கு என்று உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன்.

அவர் மனைவி ராணி அக்காவுக்குக் காலில் கட்டு. கூட வர முடியாது. வீட்டுப் படலைக் கதவைப் பிடித்தபடி நின்றார். இங்கே வாசல் தாண்டுகிறவர் "போறன்" என்பதில்லை. "போட்டு வாறன்" என்பார். போய்விட்டு வருகிறேன் என்று பொருள். அந்தச் சொல்லுக்காகத்தான் அக்கா நின்றார். மாஸ்டர் பையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். இன்றைக்கும் "வரப் பாக்கிறன்" என்று சொல்லிவிடுவாரோ என்று நான் அவர் வாயையே பார்த்தேன்.

"போட்டு வாறம்," என்றார். அக்கா தலையசைத்துப் படலையைச் சாத்தினார்.

புத்தூர் தாண்டியது. நீர்வேலி வாழைத் தோட்டங்கள் வந்தபோது, அது வாய்மையா என்று கேட்டேன்.

"வாறன் எண்டு சொல்லேல்லை. வாறம் எண்டுதான் சொன்னனான்," என்றார். "ரெண்டு பேரிலை ஒராள் திரும்பிப் போனாலும் அரைவாசி உண்மைதானே."

வாறம் என்றால் வருகிறோம். என்னைக் கேட்காமலே கணக்கில் சேர்த்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. கோப்பாய் வருவதற்குள் அது பயமாகிவிட்டது. மொத்தம் பதினாறு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு இரண்டாயிரம் ரூபாய். மருத்துவமனையில் காத்திருந்த மகளிடம் அவரை ஒப்படைத்துவிட்டு, முதல் வேலையாக என் பயணத்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போட்டேன்.

வெள்ளி, மாலை 5.00. படலையைத் தட்டினேன். அறுவை நல்லபடி முடிந்ததை மகள் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். ஆனாலும் அக்கா என் முதுகுக்குப் பின்னால் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"ஒராள்தானோ? அவர் என்ன சொன்னவர்?"

எப்போது வீட்டுக்கு வருவீர்கள் என்று காலையில் மாஸ்டரிடம் கேட்டிருந்தேன். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்: வரப் பார்க்கிறாராம்.

"அப்ப ஆள் சுகமாயிட்டார்," என்றார் அக்கா. படலையை அகலத் திறந்தார்.