ஸ்கேன் என்று சொல்லிக் கூட்டிப்போனேன்

எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் அம்மாதான் பேசுவாள். மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான்.

"உங்கப்பனுக்கு நீரு சரியாப் போவலியாம். போவுது, வந்து படுக்குது, மறுபடியும் எழுந்து போவுது. இன்னான்னு கேளுடா."

அம்மா இதைச் சொன்னபோது அப்பா இரண்டடி தள்ளி மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. நானும் அம்மாவைப் பார்த்தே, "டாக்டர்கிட்ட காட்டிடலாம்" என்றேன்.

திண்டிவனத்தில் பார்த்த டாக்டர், புராஸ்டேட் சுரப்பியில் ஏதாவது இருக்கலாம் என்று சொல்லி விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே முதல் நாள் என்ன செய்வார்கள் என்று போனில் தேடிப் படித்தேன். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள். முழங்காலை நெஞ்சுவரை மடக்க வேண்டும். கையுறையில் வழவழப்பான களிம்பு தடவி, பின்பக்கமாக ஒரு விரலை விட்டு, சுரப்பி கெட்டியாக இருக்கிறதா, கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. கூச்சமாக இருக்கும், பெரிய வலி இருக்காது.

எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது, எனக்கு எல்லாம் புரிந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பாவிடம் சொல்லத்தான் என் வாயில் ஒரு சொல் வரவில்லை. அம்மா வழியாகச் சொல்லி அனுப்புகிற சங்கதியும் இல்லை இது.

கிளம்புவதற்கு முந்தின நாள் அப்பாவே என்னிடம் நேராகக் கேட்டார்.

"இன்னா பண்ணுவாங்களாம்?"

"ஸ்கேன் எடுப்பாங்கப்பா."

யாரோ ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு போனது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். காலையில் டீகூடக் குடிக்காமல், கல்யாணத்துக்குப் போவதுபோல் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார்.

டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். நான் படித்தவன் என்று தெரிந்ததும் என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். அப்பாவைப் பார்த்து, "பெரியவரே, வேட்டிய அவுத்துட்டு அங்க படு" என்றார். காலமெல்லாம் அடுத்தவன் நிலத்தில், அடுத்தவன் ஏவலில் வேலை செய்தவர் அப்பா. என் முகத்தைப் பார்த்தார். நான் "படுப்பா, முட்டிய மடக்கிக்கினு படு" என்றேன். நான் சொன்னதால் படுத்தார். மிஷினைத் தேடுகிறவர் மாதிரி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நொடி, "ஏய்!" என்று கத்திக்கொண்டு எழுந்தார். டாக்டரின் கையைத் தட்டிவிட்டார். வேட்டியை வாரிச் சுற்றிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போனார். நான் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"இத்தப் பண்ணுவாங்கன்னு உனக்கு முன்னியே தெரியுமா?"

"தெரியாதுப்பா."

"தெரியாமயா இவ்ளோ படிச்ச?"

பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாக இருந்தது. அவர் திண்டிவனம்வரை டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டே வந்தார்.

வீட்டில் அம்மா என்ன ஆயிற்று என்று கேட்டாள். "ஸ்கேன் எடுத்தாங்க. ஒண்ணும் இல்லியாம்" என்றார் அப்பா. அம்மா சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றினாள். அது பொய் என்று சொல்ல வேண்டுமானால், நடந்ததை நான் அம்மாவிடம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. பிறகு அவர் ராத்திரியில் எழுந்து போவதை அவளும் பேசவில்லை. ஒன்றும் இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டாரே.

ஆறு மாதம் போனது. மல்லாட்டை பிடுங்குகிற சமயத்தில் ஒருநாள் மத்தியானம் அப்பாவுக்கு நீர் முழுக்க அடைத்துக்கொண்டது. வேலை செய்துகொண்டிருந்த கொல்லையிலிருந்து நாலு பேர் தூக்கி ஆட்டோவில் போட்டார்கள். திண்டிவனத்தில் குழாய் போட்டு நீரை எடுத்துவிட்டு, மறுபடியும் விழுப்புரத்துக்கே அனுப்பினார்கள். அதே டாக்டர்.

இந்தத் தடவை கதவுக்கு வெளியே அப்பாவை நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ப்பா, கையுறை போட்டுக்கினு பின்னால வெரல உட்டுப் பாப்பாங்க. கட்டி கீதான்னு பாக்கத்தான். ஒரு நிமிசம்கூட ஆவாது. நோவு இருந்தா சொல்லு, நிறுத்திடுவாரு."

"இவ்ளோதானா?" என்றார். கதவைத் தள்ளிக்கொண்டே, "இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

உள்ளே போய் அவராகவே ஒருக்களித்துப் படுத்தார். முனகக்கூட இல்லை. டாக்டர் கையுறையைக் கழற்றும்போதே முகம் மாறியிருந்தது. கட்டி கல் மாதிரி இருக்கிறது, சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், முதுகெலும்புக்குப் பரவியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு தமிழில், கோபமாகவே கேட்டார். "அன்னிக்கே எழுந்து போயிட்டீங்க. அப்புறமாவது ஏன் வரல?"

நான் வாய் திறப்பதற்குள் அப்பா பேசினார்.

"புள்ள எல்லாம் வெவரமாத்தான் சொல்லிச்சு சார். தெனம் கூப்ட்டுச்சு. நான்தான் வரமாட்டேன்னுட்டேன்."

டாக்டர் சீட்டை இழுத்து எழுதினார். எல்லாம் எடுத்துச் சொல்லியும் நோயாளி பரிசோதனைக்கு மறுத்தார் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று தலைகீழாகவே அதைப் படித்தேன்.

"இன்னாடா எழுதறாரு?" என்று அப்பா கேட்டார்.

"மருந்துப்பா" என்றேன்.