மாமனார் வீட்டுச் சீர்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, சோதனைச் சாவடி வேப்பமரத்தில் அந்த வெள்ளை நாய் கட்டிக் கிடந்த காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இளஞ்சிவப்பு மூக்கு, குதிரை மாதிரிக் கால்கள். அசல் ராஜபாளையம் ஜாதி. சொந்தக்காரர் எங்கள் ஏட்டையா. யார் கேட்டாலும் மீசையைத் தடவிக்கொண்டு, "மாமனார் வீட்டுச் சீரு, வே" என்பார்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஒற்றைத் தறியில் தொடங்கியவன். இன்றைக்கு என் பேண்டேஜ் துணி சுற்றாத கால் இந்த மாநிலத்தில் கிடையாது. சந்தேகப்படுகிறவர்கள் காலை உடைத்துப் பார்த்துக்கொள்ளலாம். என் துணிக்கட்டுகளை ஒரு வேன்காரர் மதுரைக்கு ஏற்றிப் போவார். வாடகை ரொம்பக் குறைவு. எல்லாம் என் பேச்சுச் சாமர்த்தியம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பால்காரரைக்கூட ஹெல்மெட்டுக்காக மறிக்கிற ஏட்டையா, அந்த வேன் வந்தால் மட்டும் தடுப்புக் கம்பியைத் தானே தூக்கிவிடுவார். அதுவும் என் துணிக்குக் கிடைத்த மரியாதை என்றே நினைத்தேன்.

ஒருநாள் வெளியூரிலிருந்து புதிதாக வந்த அதிகாரி, ஏட்டையாவிடம் நாயின் சீர்க் கதையைக் கேட்டு முடித்த கையோடு, சாவடியில் வேனை மறித்துவிட்டார். என் பெயர் அச்சடித்த கட்டுகளுக்கு நடுவே கஞ்சாப் பொட்டலங்கள். என்னைக் கூட்டி வரச் சொன்னார். நான் போய் நின்றபோது ஏட்டையா பேசிக்கொண்டிருந்தார்.

"அய்யா, வேன்காரன் பாவம், வாடகைக்கு ஓட்டுதான். இவன முன்னபின்ன நான் பாத்ததே இல்ல. கட்டுல இருக்கது இந்த மொதலாளி பேருதான். இவரத்தான் உள்ள வைக்கணும்."

அம்புட்டுதான். லேசில் ஜாமீன் கிடைக்காத வழக்கு என்று எனக்கும் தெரியும். எந்த மந்திரி முன்னாலும் கூசாமல் பேசுகிற எனக்கு, என் பெயரே வாயில் வரவில்லை.

அப்போதுதான் நாய் முனகியது. வேன்காரரைப் பார்த்துச் சங்கிலியை இழுத்து இழுத்துத் துள்ளியது. நானும் நாய் வளர்க்கிறவன். அந்த ஜாதி, அந்நியனைக் கண்டால் பல்லைத்தான் காட்டும், வாலை ஆட்டாது.

"அய்யா, அந்த நாயச் செத்த நேரம் அவுத்து விடச் சொல்லுங்க" என்றேன்.

"வேண்டாம்யா! கடிச்சுக் கொதறிப்புடும்!" ஏட்டையா அலறினார்.

அதிகாரியே போய் அவிழ்த்துவிட்டார். பாய்ந்து வந்த நாய், முன்னங்கால் இரண்டையும் வேன்காரர் தோளில் போட்டு முகமெல்லாம் நக்கியது. அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பின பக்கமும் நக்கியது.

அதிகாரி கேட்டார்: "ஏட்டு, அந்த மாமனார் இவர்தானா?"

லஞ்சத்தைப் பணமாக வாங்கியிருந்தால் ஏட்டையா தப்பித்திருப்பார். யார் கொடுத்தார் என்பது பணத்துக்குத் தெரியாது. எங்கள் ஊரில் பெரிய மனிதருக்கு நாய் கொடுப்பது கௌரவம். அதிலும் குட்டியாகக் கொடுக்காமல், தானே சோறு வைத்து வளர்த்த நாயை வேன்காரர் கொடுத்திருந்தார்.

வேன்காரர் சிறைக்குப் போனார். ஏட்டையா கொஞ்ச காலம் வீட்டில் இருந்தார். கேட்பாரில்லாத நாயை நான் கூட்டி வந்தேன். இன்றைக்கு ஏட்டையா திரும்பவும் வேலையில் இருக்கிறார். பள்ளிக்கூடங்களில் போதை ஒழிப்பு பற்றிப் பேசுகிறார், நன்றாகவே பேசுகிறார். போன வாரம் நாயைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். அது அவர் காலை முகர்ந்து வாலாட்டியதும் கண் கலங்கிவிட்டார்.

"எம்புட்டு நன்றி பாத்தியளா, அண்ணாச்சி!"

"ஆமா ஏட்டையா. அந்த நன்றியாலதான நீங்க சஸ்பெண்ட் ஆனிய."