முதலாளியின் சுண்டுவிரல்

பலெர்மோவில், அப்பாவின் சவப்பெட்டியருகே, சியாகுல்லித் தோட்ட முதலாளி எனக்குக் கை நீட்டினார். ஐந்து விரலும் முழுதாக இருந்தன.

எனக்கு எட்டு வயதில், அவருடைய பழுதான பழம் பிரிக்கும் மெஷின் அப்பாவின் சுண்டுவிரலை எடுத்தது. கவனமில்லாதவன் என்று சொல்லி முதலாளி அப்பாவை வேலையை விட்டும் நிறுத்தினார். அந்த மாதம் முழுக்க அப்பா வீட்டிலிருந்து ஜப்பான் யாகுசா ரவுடிக் கும்பல் படக் கசெற்றுகள் பார்த்தார். ஒன்றில், பிழை விட்டவன் தன் சுண்டுவிரலை வெட்டி, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டான். நான் கண்ணைப் பொத்தினேன்.

"பார் பிள்ளை, அங்கை பிழை விட்டவன்ரை விரல் போகுது. இஞ்சை பிழை முதலாளின்ரை, விரல் என்ரை," என்று அப்பா சிரித்தார்.

"அவர் மன்னிப்புக் கேட்டவரோ அப்பா?"

"அவரோ? நல்ல கதை."

நீட்டிய கையின் சுண்டுவிரலைப் பிடித்து வளைத்தேன். நோகிறது, விடு என்று இத்தாலிய மொழியில் முனகினார். அப்பாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்கும்வரை நான் விடவில்லை.