ஆண்டுக்கு ஒரு மான்

இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது உறவில் ஒருவர், "அந்த மான் விஷயத்தை மட்டும் விட்டுடும்மா" என்று அன்போடு சொன்னார். யோசித்துப் பார்த்தேன். அதை விட்டுவிட்டால் இந்தப் பக்கத்தில் இருப்பவர் என் அண்ணனாக இருக்கமாட்டார். ஆகவே எழுதுகிறேன்.

திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, மூன்று பக்கம் வயலும் ஒரு பக்கம் வாய்க்காலுமாக இருந்த வீட்டில் அண்ணன் பிறந்தார். அப்பா காலமானபோது அவருக்குப் பாலிடெக்னிக்கில் கடைசி ஆண்டு. ஊருக்கு வந்து நடவை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் தேர்வெழுதப் போனார். பிறகு சென்னையில் லேத் பட்டறை, சில காலம் வளைகுடா, கடைசியில் அமெரிக்காவில் இயந்திர உதிரிப்பாகத் தொழிற்சாலை. என் படிப்பும் திருமணமும் அவர் தோளில்தான் நடந்தன. பெரும்புயல் நம் தென்னைகளைச் சாய்த்த ஆண்டில் விடுப்பெடுத்து வந்து, கூரை பறந்த வீடுகளுக்குத் தகரம் ஏற்றிக்கொண்டிருந்தார். கையெல்லாம் கீறலோடு விமானம் ஏறிப் போனார்.

அவர் இருந்தது மலையும் காடும் சூழ்ந்த சிற்றூர். நம் ஊரில் மானைத் தொட்டால் சிறை. அங்கே மான்கள் பெருகிவிடுவதால், இலையுதிர்காலத்தில் அரசே அனுமதி கொடுத்து வேட்டைக்கு விடுகிறது. உடன் வேலை பார்த்தவர்களோடு துணைக்குப் போன அண்ணன் பிறகு தானே உரிமம் எடுத்தார். மற்றவர்கள் நீளத் துப்பாக்கி வைத்திருந்தார்கள். அண்ணன் வைத்திருந்தது ரிவால்வர்.

"ஏண்ணே இத வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"பெரிய துப்பாக்கின்னா தூரத்துலேர்ந்தே அடிச்சிடலாம். இதுக்கு மான் கிட்ட வரணும். வரலேன்னா சும்மா உக்காந்துட்டு வீட்டுக்கு வந்துடலாம்."

பெரும்பாலான ஆண்டுகளில் சும்மா உட்கார்ந்துவிட்டுத்தான் வந்தார் என்று அண்ணி சொல்வார்.

நான் அங்கே போயிருந்த ஆண்டில் ஒரு நாள் என்னையும் அழைத்துப் போனார். எங்களோடு அவருடைய தொழிற்சாலையில் வேலை பார்த்த நாகூர் நண்பரும் வந்தார். மூவரும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டை போட்டிருந்தோம். நண்பர் மேட்டுப் பக்கம் போக, நானும் அண்ணனும் ஓடைக்கரையில் ஒரு மரத்தடியில் அமர்ந்தோம். அப்படி ஒரு பனியை நான் பார்த்ததில்லை. மரங்கள் பாதி கரைந்து நின்றன. ஓடையின் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. பேசக் கூடாது, அசையக் கூடாது. நான் விழித்திருக்கிறேனா, கனவு காண்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

அந்தப் பனிக்குள்ளிருந்து மான் வந்தது. முதலில் கொம்பு, பிறகு முகம். யாரோ நினைத்து நினைத்து வரைவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக உருவானது. தண்ணீரில் வாய் வைத்தது, நிமிர்ந்தது. அண்ணன் சுட்டார். நாலடி போய் மண்டியிட்டு விழுந்தது. அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை, வருத்தம் என்றும் சொல்ல முடியாது. சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர் முகம்போல் இருந்தது.

அங்கே ஒரு விதி. கொம்புள்ள மானுக்கு ஆளுக்கு ஆண்டுக்கு ஒரே சீட்டு. மானை விழுந்த இடத்திலிருந்து நகர்த்தும் முன், தேதியும் இடமும் எழுதி அந்தச் சீட்டைக் கொம்பில் கட்டிவிட வேண்டும். கட்டினால் அந்த ஆண்டு வேட்டை முடிந்தது. அண்ணன் பையிலிருந்து சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அப்போதுதான் ஓடைக்கு அப்பால் ஒரு மனிதக் குரல் கேட்டது. வலியில் அலறும் குரல்.

சீட்டைப் பைக்குள் திணித்துவிட்டு அண்ணன் தண்ணீரில் இறங்கி ஓடினார். மரத்தின்மேல் கட்டிய பரணிலிருந்து ஒரு முதியவர் விழுந்து கிடந்தார். தொடை எலும்பு முறிந்திருந்தது. செல்போனுக்குச் சிக்னல் இல்லை. நண்பரைக் கூவி அழைத்து, கிளைகளை வெட்டி, சட்டைகளைக் கட்டிப் படுக்கையாக்கி, இருவரும் அவரைச் சாலைவரை தூக்கி வந்தார்கள். வழியெல்லாம் அண்ணன் அவரிடம் பேசிக்கொண்டே வந்தார். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். "ஒண்ணுமில்லங்க, தோ வந்துடுச்சு" என்று அவர் சொன்னது அந்த வெள்ளைக்காரருக்குப் புரிந்ததுபோல்தான் இருந்தது. மருத்துவமனையில் சேர்த்து, அவர் மகள் வரும்வரை காத்திருந்ததில் பொழுது போய்விட்டது.

மறுநாள் காலை மூவரும் திரும்பிப் போனோம். மானைக் காட்டு விலங்குகள் தின்றிருந்தன. தலையும் கொம்பும் மிச்சம் இருந்தன.

நண்பர் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, யாரும் பாக்கல. சீட்டு அப்படியே இருக்கு. சீசனும் முடியல. இன்னொண்ணு பாத்துக்கலாம்."

"நான் பாத்தேன்ல," என்றார் அண்ணன்.

குளிரில் பேனா எழுதவில்லை. என் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக் கொடுத்தேன். மண்டியிட்டு எழுதி, கொம்பில் சீட்டைக் கட்டினார். சாலைக்குப் போய் வனத்துறை அதிகாரிக்குப் போன் செய்து நடந்தது முழுவதையும் சொன்னார். அதிகாரி வந்து பார்த்தார், கேள்விகள் கேட்டார், கொம்பை எடுத்துக்கொள்ளலாம் என்றார். அண்ணன் வேண்டாமென்று தலையசைத்தார். அந்த ஆண்டு அவர் வீட்டில் மான்கறி இல்லை.

திருக்கடையூரில் அவருக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தபோது, சாப்பாட்டுப் பந்தியில் மாமா நேராகவே கேட்டுவிட்டார்: "ஏம்ப்பா, அங்க மான் சுடுறியாமே? பாவமில்லையா?"

"பாவந்தான் மாமா. அதான் வருஷத்துக்கு ஒண்ணுக்கு மேல இல்ல."

மாமா சிரித்துவிட்டார். வேறு சிலர் சிரிக்கவில்லை. பின்னாளில் அண்ணனுக்கு நுரையீரல் நோய் வந்தபோது, அது மானின் சாபம் என்று ஒரு பேச்சு வந்ததும் எனக்குத் தெரியும். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. நான் பார்த்ததை அவர்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஓய்வு பெற்றதும் அண்ணனும் அண்ணியும் ஊருக்கே வந்துவிட்டார்கள். கடைசி மார்கழியில் கட்டிலை ஜன்னலோரம் போடச் சொன்னார். விடியலில் கதிர் சாய்ந்த வயல்மேல் பனி கிடக்கும். பார்த்துக்கொண்டே இருப்பார். "இது எந்த ஊரும்மா?" என்று ஒரு நாள் கேட்டார். "நம்மூருதான் அண்ணே" என்றேன். "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு," என்று கண்ணை மூடிக்கொண்டார். தூக்கமும் விழிப்பும் அவருக்கு ஒரே வாய்க்காலாக ஓடிய நாட்கள் அவை.

அந்த நாட்களில் உடனிருந்த மருத்துவருக்கும், ஸ்கூட்டியில் வந்து ஆக்சிஜன் பார்த்துப் போன நர்ஸ் தங்கைக்கும், தர்காவில் ஓதிய சர்க்கரையோடு வந்து கட்டிலருகே அமர்ந்திருந்த நாகூர் நண்பருக்கும், இரவு பகல் பாராத அண்ணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும், பெயர் தெரியாது. தை மாதம், ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து அறுவடை இயந்திரம் ஓட்டி வந்தவர். எங்கள் வீட்டை ஒட்டிய வயலில் பாதி அறுத்திருந்தார். அண்ணன் அப்போதுதான் கண்ணயர்ந்தார் என்று போய்ச் சொன்னேன். உடனே இயந்திரத்தை நிறுத்திவிட்டார். அறுவடைக் காலத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று நம் ஊராருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்தத் தூக்கத்திலிருந்து அண்ணன் விழிக்கவில்லை. பொழுது சாயும் நேரம் அந்த ஓட்டுநரின் ஞாபகம் வந்து வயலுக்குப் போனேன். அவர் இன்னும் அங்கேயே இருந்தார். "இனிமே ஓட்டலாம் தம்பி" என்றேன். என் முகத்தைப் பார்த்து எழுந்து நின்றார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு வேணாங்கக்கா," என்றார்.