செருப்பைக் கழற்றச் சொன்ன சினிமா

எனக்கு எழுபத்தொரு வயது. நாலு பிள்ளைகளை வளர்த்தேன். ஒருத்தரையும் அடுத்தவர் முன்னால் கூனி நிற்க வளர்க்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அதற்குமேல் வராது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் பேத்தி.

அஞ்செட்டிப் பக்கம் எங்கள் ஊருக்குச் சினிமாக்காரர்கள் வந்தார்கள். காலனிப் பெண்களாக நிற்கக் காலனிப் பெண்களே வேண்டும் என்றார்கள். படம் பிடிக்கிறார்கள் என்றால் இருப்பதில் நல்லதைக் கட்டுவதுதான் எங்கள் வழக்கம். பதினோரு பேரும் தலைக்குக் குளித்து, கல்யாணச் சேலை கட்டி, கனகாம்பரம் வைத்துப் போய் நின்றோம். என் காலில் பேத்தி முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த செருப்பு.

கண்ணாடி போட்ட ஒரு பையன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அம்மா, நீங்கல்லாம் ஏழைங்க. இப்படி வந்தா எப்படி?"

"ஏன், ஏழைங்க தலைக்குத் தண்ணி ஊத்திக்க மாட்டாங்களா தம்பி?"

எல்லோரும் சிரித்தார்கள். கிழிந்த சேலை கொடுத்தான், கட்டினேன். முகத்தில் கரி பூசினார்கள், பொறுத்தேன். அப்புறம் சொன்னான்: பண்ணையார் வருவார், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து ஓரமாக நில்லுங்கள்.

நாங்கள் நின்றது மேல்சாதிக்காரர்கள் குடியிருக்கும் அதே தெரு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் தெருமுனையில் செருப்பைக் கழற்றியவள்தான் நான். மூத்தவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. குனிய முடியவில்லை, மறந்தும் போனேன். பாதித் தெருவில்தான் உறைத்தது. திரும்பவில்லை. மறுநாள் அந்தத் தெருக்காரர்கள் தங்கள் நிலத்தில் எங்களுக்கு வேலை இல்லை என்றார்கள். காட்டில் புளி பொறுக்கிப் பிழைத்தோம். ஆனாலும் தினமும் போட்டுக்கொண்டுதான் நடந்தேன். பின்னால் ஒருத்தி வந்தாள், அப்புறம் இரண்டு பேர், அப்புறம் காலனியே வந்தது.

"கழட்ட மாட்டேன்" என்றேன்.

"நடிப்புதானேம்மா!"

"அப்ப நீ கழட்டிட்டு நில்லு."

என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

படம் வந்ததும் பேத்தி கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப்போனாள். திரையில் எங்கள் பெண்கள் பத்துப் பேரும் செருப்பைக் கையில் பிடித்து நிற்கிறார்கள். பட்டணத்திலிருந்து ஜீப்பில் ஒருத்தன் வந்து இறங்குகிறான். "போடுங்க!" என்கிறான். போடுகிறார்கள், அழுதுகொண்டே அவனைக் கும்பிடுகிறார்கள். கொட்டகையில் ஒரே விசில்.

பக்கத்துச் சீட்டு அம்மா கண்ணைத் துடைத்தார். "பாவம், யாராச்சும் வந்து சொன்னாத்தான் இதுங்களுக்குப் புரியுது."

"எங்களுக்கு எவனும் வந்து சொல்லலம்மா. நாங்களேதான் போட்டோம்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் காலைத்தான் பார்த்தார்.

பஸ்ஸில் பேத்தி, "கதைதானே ஆயா, விடு" என்றாள். எப்படி விடுவது? நான் பட்டினி கிடந்து நடந்த நடைக்கு அவன் கைதட்டு வாங்கிக்கொண்டு போகிறான். எங்களுக்குக் கரியையும் கண்ணீரையும் விட்டுவிட்டான். நாளைக்கு என் பேத்தியின் பிள்ளைகளும் அதைத்தான் நம்பும்.

எழுதிவிட்டாயா கண்ணு? எங்கே, முதலிலிருந்து படி. நான் தெருவில் நடக்கிற இடத்தை மட்டும் நிறுத்தி, சத்தமாகப் படி. செருப்பு என் காலில்தான் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.