அவனுக்காக எடுத்து வைத்த பழுதுகள்

அந்தத் தெருவில் அவளுக்கு ஸ்பானர் அக்கா என்று பெயர். பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் வேலை. மெஷின் நின்றுபோனால் மெக்கானிக் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் பிடிக்காமல், ஒரு நாள் அதைத் தானே கவிழ்த்துப் போட்டு உள்ளே பார்த்தாள். அங்கே தொடங்கியது. பிறகு வீட்டுக் குழாய், ஸ்விட்ச், ஜன்னல் கொக்கி என்று வளர்ந்து, கடைசியில் தெருவில் யார் வீட்டில் தண்ணீர் ஒழுகினாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

வேலையில் கைதேர்ந்தவள் என்று சொல்லிவிட முடியாது. முதன்முதலில் சமையலறைக் குழாயைக் கழற்றியபோது, தொட்டியிலிருந்து வரும் வால்வை மூட மறந்து, அடுப்போடு சேர்ந்து குளித்துவிட்டு நின்றாள். சுவர் விரிசலை அடைக்க அவள் பூசிய பட்டி இன்றும் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கிறது. ஆனால் தொட்ட வேலையைப் பாதியில் விடமாட்டாள். பாராட்ட வேண்டுமென்றால் அதைப் பாராட்டலாம்.

அப்படிப்பட்டவளின் சொந்த வீட்டில் சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. படுக்கையறைக் கதவு தொங்கிப்போய்த் தரையை உரசியது. கூடத்து மின்விசிறி, சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துச் சுற்றியது. கழிப்பறைத் தொட்டி நிரம்பிய பிறகும் தண்ணீர் நிற்காமல் ஓடியது.

அடுத்த தெருவில் இருக்கும் நாத்தனார் சாயங்காலம் டீ குடிக்க வரும்போதெல்லாம் இதைச் சொல்லிக் காட்டாமல் போனதில்லை.

"ஏன் அண்ணி, ஊர்ல இருக்கற குழாயை எல்லாம் வாயை மூட வெச்சுட்டீங்க. உங்க வீட்டுக் குழாய் மட்டும் இப்படி அழுதுட்டே இருக்கே?"

"அழட்டும். அழுதாத்தானே உங்க அண்ணன் வந்து தூக்குவாரு."

நாத்தனார் சிரித்துவிட்டாள். அண்ணி விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அப்போது அவளுக்குப் புரியவில்லை.

கணவனுக்குச் சரக்குக் கப்பலில், எஞ்சின் அறையில் வேலை. வருஷத்துக்கு ஒரு முறை விடுப்பில் வருவான். நாற்காலியில் உட்கார்ந்தால் பேச்சு வராது. கையில் ஒரு வேலை இருந்தால்தான் வாய் திறக்கும். கல்யாணமான புதிதில் வந்த விடுப்புகளில் அவன் ஏணியில் நிற்பான், அவள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு திருகாணிகளை எடுத்துக் கொடுப்பாள். எந்தக் கடலில் கப்பல் ஆடியது, எந்தச் சமையல்காரன் உப்பை அள்ளிக் கொட்டினான், யாருடைய குறட்டை எஞ்சினைத் தாண்டிக் கேட்டது என்று எல்லாம் மேலிருந்து வரும். அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது என்று அவள் நினைத்துக்கொள்வதில் பெரும்பகுதி அந்த ஏணியடியில் நடந்தது.

பிறகுதான் அவள் வேலை பழகினாள். அந்த வருஷம் அவன் வருவதற்குள் வீட்டில் ஒரு குறை இல்லாமல் எல்லாவற்றையும் சரிசெய்து வைத்தாள், அசந்துபோகட்டும் என்று. வந்தவன் அறை அறையாகச் சுற்றினான். "பரவாயில்லையே, எல்லாம் நல்லா இருக்கே" என்றான். யார் சரிசெய்தது என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளைக் கடைசி வரிவரை படித்தான். தண்ணீர் குடிக்க டம்ளர் எங்கே என்று கேட்டான். டிவி போடலாமா என்றுகூடக் கேட்டான். விடுப்பு முடியும் முன்பே, கப்பலில் கூப்பிடுகிறார்கள் என்று கிளம்பிப் போனான். கப்பல் கூப்பிடவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு, அவனுக்காக வேண்டுமென்றே அவள் எதையும் உடைக்கவில்லை. கெட்டுப்போனதைத் தொடாமல் விட்டாள், அவ்வளவுதான். கதவு விஷயத்தில் மட்டும் ஒரு தப்பு செய்தாள். உரசும் சத்தம் தாங்காமல் ஒரு நாள் சரிசெய்துவிட்டு, அவன் வரப்போகிறான் என்று தெரிந்ததும் திருகாணிகளைத் தளர்த்தி, பழையபடி தொங்க விட்டாள்.

நன்றாக வேலை செய்யும் பொருளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மனிதர்களுக்கும் இது பொருந்துமா என்று யோசித்தால், பொருந்தும் என்றுதான் தோன்றுகிறது. அவள் அவ்வளவு தூரம் யோசித்திருப்பாளா என்பது சந்தேகம். படுத்திருக்கும்போது குழாய் சொட்டுவது கேட்கும். அது நிற்கும் நாளில் அவன் வீட்டில் இருப்பான். அந்தச் சத்தத்தோடு அவள் தூங்கப் பழகியிருந்தாள்.

இந்த முறை விஷயம் பெரிது. கப்பல் கம்பெனியோடு அவன் போட்ட ஒப்பந்தம் முடிந்துவிட்டது. திரும்பக் கையெழுத்துப் போட்டால் இன்னும் சில வருஷம் கடலில். வேண்டாமென்றால், ஊர் எல்லையில் இருக்கும் ஆலையில் பாய்லர் பார்த்துக்கொள்ளும் வேலை தயாராக இருந்தது. இந்த விடுப்புக்குள் அவன் பதில் சொல்லியாக வேண்டும். இருந்துவிடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்க அவளுக்கு வரவில்லை. வீடு கேட்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவன் வந்தான். குழாயடியில் நின்றான். கதவை இழுத்துப் பார்த்தான். மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான். அவள் கருவிப்பெட்டியைக் கண்ணில் படும்படி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவன் அதைத் திறக்கவில்லை.

நாத்தனார் டீக்கு வந்திருந்தபோது பேச்சை எடுத்தான்.

"வீடு மொத்தமா உட்கார்ந்துடுச்சும்மா. இதுல நான் எதைன்னு பார்க்கறது? இன்னும் ஒரு தடவை கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன். வந்து, ஆள் வெச்சு எல்லாத்தையும் ஒரேயடியா மாத்திடலாம். உங்க அண்ணியை இந்த ஓட்டை வீட்டுல இன்னும் எத்தனை நாள் விட்டு வைக்கறது?"

அவன் அக்கறையோடுதான் சொன்னான். அவள் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். நாத்தனார் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். குழாய் அழுகிற கதை அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

மறுநாள் காலையில் அவள் வேலைக்குப் போகவில்லை. வால்வை மூடினாள். அவன் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே குழாயைக் கழற்றி, நைந்த வாஷரை எறிந்துவிட்டுப் புதிதைப் போட்டாள்.

"நீயா?" என்றான் வாயில் நுரையோடு. "யாரு கத்துக் குடுத்தா?"

"நீங்க இல்லாத வருஷமெல்லாம்தான்."

கழிப்பறைத் தொட்டியின் மிதவையை வளைத்துச் சரிசெய்தாள். ஏணியைத் தானே தூக்கி வந்து, மின்விசிறியின் கண்டென்சரை மாற்றினாள். அவன் ஏணியைப் பிடிக்க வந்தபோது, "தேவையில்லங்க, பழகிடுச்சு" என்றாள். அவன் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். நேற்றைய பேச்சு என்னவாயிற்று என்று பார்க்க வந்த நாத்தனார் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இவ்வளவு தெரிஞ்சவ, இத்தனை நாள் ஏன் அப்படியே போட்டு வெச்சிருந்த?" என்று கேட்டான் அவன்.

"உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருந்தேன். சாப்பாடு எடுத்து வைக்கற மாதிரி." அவள் ஏணியை மடக்கினாள். "நீங்க மூடியைக்கூடத் திறந்து பார்க்கல."



படுக்கையறைக் கதவு மட்டும் பாக்கி. அடியில் ஒரு மரத்துண்டைச் செருகிக் கதவைத் தூக்கி நிறுத்திவிட்டு, திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு கீலருகே உட்கார்ந்தாள். தனியாகக் கதவு மாட்டுகிறவர்களின் வழி அது. அவன் கீலைப் பார்த்தான். அதில் மீதியிருந்த திருகாணிகளில் துருவே இல்லை; சமீபத்தில் யாரோ வேண்டுமென்றே தளர்த்தி விட்டவை. பிறகு குனிந்து, அந்த மரத்துண்டை உருவி எறிந்துவிட்டு, கதவின் கனத்தைத் தன் இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டான்.

"கம்பெனிக்கு நான் இன்னும் பதில் சொல்லல" என்றான்.

அவள் உதட்டிலிருந்த திருகாணிகளைக் கையில் எடுத்தாள்.

"வீட்டுல இப்ப எதுவும் ரிப்பேர் இல்ல. ஆள் வெச்சு மாத்தறதுக்கும் ஒண்ணும் இல்ல. எனக்கு நீங்க இங்க இருக்கணும். அவ்வளவுதான்."

"யோசிக்கறேன்."

"யோசிங்க. கதவை மட்டும் விட்டுடாதீங்க."

முதல் திருகாணியை வைத்து முடுக்கத் தொடங்கினாள். அண்ணி எந்தத் திருகாணியையும் அவ்வளவு மெதுவாக முடுக்கி நாத்தனார் பார்த்ததில்லை.